யாருக்கும் சொந்தமில்லாத மாத்திரை

1912-ஆம் ஆண்டு பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மேயர் என்ற வேதியியல் பேராசிரியரும் யோசெஃப் மால்லி என்ற மாணவரும் ஒரு வெள்ளைப் பொடியைச் செய்தார்கள். எந்த நோயையும் மனதில் வைத்துச் செய்த வேலையல்ல அது. மால்லிக்கு முனைவர் பட்டம் வேண்டியிருந்தது. பொடியின் குணங்களை எழுதி அச்சேற்றினார்கள். அத்துடன் அதை எல்லோரும் மறந்துபோனார்கள். அதே பிராக் நகரில் வசித்த எழுத்தாளர் ஃப்ரான்ஸ் காஃப்கா 12 ஆண்டுகள் கழித்துக் காசநோயால் இறந்தார். அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மருந்தின் செய்முறை அவர் ஊர் நூலகத்தில் கட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. ஹான்ஸ் மேயரை நாஜிகள் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1942-இல் அங்கேயே இறந்தார். தான் செய்துவைத்தது என்னவென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அந்தப் பொடிதான் ஐசோநியாசிட். இன்று உலகில் சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை தொடங்கும் ஏறக்குறைய எல்லோருடைய மாத்திரையிலும் அது இருக்கிறது.

1951-இல் ரோச், ஸ்க்விப், பேயர் என்ற மூன்று மருந்து நிறுவனங்கள், ஒன்றுக்கொன்று தெரியாமல், ஒரே நேரத்தில் அதைக் கண்டெடுத்தன. மூன்றுமே வேறொரு மருந்தைத் தேடிப் போனவை. போகும் வழியில் இடைப்பொருளாக வந்த இந்தப் பொடி, தேடிய மருந்தைவிடப் பல மடங்கு வீரியமாக இருந்தது. காப்புரிமை வாங்க ஓடினார்கள். ஓடிய பிறகுதான் 1912-ஆம் ஆண்டுக் கட்டுரை கண்ணில் பட்டது. ஏற்கெனவே அச்சில் வந்துவிட்ட பொருளுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஒரு மாணவனின் பட்ட ஆய்வு, தனக்கே தெரியாமல், உலகத்து ஏழைகளுக்குச் செய்துவைத்த உதவி இது. பிறந்த நாளிலிருந்தே இந்த மாத்திரை மலிவு. இதை நான் முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் உண்டு. இந்த மாத்திரையின் எழுபது ஆண்டுக் கதையில், மருந்தின் விலை பெரிய தடையாக இருந்ததில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நோயாளியின் வாசல்வரை போகும் ஆளுக்குத்தான் எப்போதும் காசு இல்லாமல் போனது.

முதல் பெரிய சோதனை நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், சீ வியூ மருத்துவமனையில் நடந்தது. எட்வர்ட் ராபிட்செக், இர்விங் செலிகாஃப் என்ற இரு மருத்துவர்கள், வேறெதற்கும் அடங்காத நோயோடு படுத்திருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரங்களில் காய்ச்சல் விட்டது, கொலைப் பசி எடுத்தது, கட்டிலைவிட்டு எழுந்தார்கள். 1952-இல் வார்டுக்குள் நோயாளிகள் ஆடிப்பாடும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அந்தப் படங்களில் பெரும்பாலும் இடம்பெறாதவர்கள் அங்கே வேலை பார்த்த கறுப்பினச் செவிலியர். தொற்றுக்குப் பயந்து வெள்ளையர் செவிலியர் வேலையை விட்டுப் போக, அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களிலிருந்து வரவழைக்கப்பட்ட பெண்கள் அவர்கள். சாவு நிச்சயம் என்று பெயரெடுத்த வார்டுகளில் பல ஆண்டுகள் நின்றவர்கள்.

ஆட்டம் நீடிக்கவில்லை. ஐசோநியாசிட் வேலை செய்யும் விதம் விசித்திரமானது. உள்ளே போகும்போது அது வெறும் சாதுவான பொருள். காசக்கிருமி தன்னிடமுள்ள ஒரு நொதியால் அதை மாற்றும்போதுதான் அது நஞ்சாகிறது. கிருமியின் மெழுகுச் சுவர் கட்டப்படாமல் நின்றுபோகிறது. தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொள்வதுபோல. ஆனால் பத்து லட்சம் கிருமிகளில் ஒன்றிலாவது அந்த நொதி பழுதாகியிருக்கும். அந்த ஒன்றை மாத்திரை தொடாது. நுரையீரலில் ஒரு குழிவிழுந்த புண்ணில் கோடிக்கணக்கில் கிருமிகள் வாழும். மற்றவை சாக, தப்பியவை பெருகும். அதனால் இந்த மாத்திரையைத் தனியே அனுப்பக் கூடாது, துணை மருந்தோடுதான் அனுப்ப வேண்டும் என்பதும், உடம்பு தேறியதும் நிறுத்தக் கூடாது, மாதக்கணக்கில் தொடர வேண்டும் என்பதும் சீக்கிரமே புரிந்தது. எழுந்து நடக்கும் மனிதனை, இருமல் நின்ற மனிதனை, கூலிக்குப் போகத் தொடங்கிவிட்ட மனிதனைத் தினமும் மாத்திரை போடவைப்பது எப்படி? அதற்குப் பிறகு இந்த மாத்திரை போன ஊர்களிலெல்லாம் இதே கேள்விதான்.

அமெரிக்காவில் வெள்ளையர் நகரங்களில் நோய் ஏற்கெனவே தணிந்துவந்தது. பூர்வகுடிகளிடம் தணியவில்லை. வால்ஷ் மெக்டெர்மாட் என்ற மருத்துவரின் குழு 1952-இலேயே அரிசோனாவில் நவஹோ மக்களிடம் மாத்திரையைக் கொண்டுசென்றது. நவஹோ மன்றத்தின் உறுப்பினரான ஆனி வானெகா வீடு வீடாகப் போய், சிகிச்சையைப் பாதியில் விட்டு வந்தவர்களைப் பேசித் திருப்பி அனுப்பினார். பாரம்பரிய மருத்துவர்களை ஒதுக்காமல் அவர்களிடமும் உட்கார்ந்து பேசினார்.

மாத்திரை அங்கிருந்து வடக்கே, அலாஸ்காவுக்குப் போனது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. யூகான், குஸ்கோக்விம் ஆறுகள் கடலில் சேரும் பெத்தெல் பகுதியில், 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தொற்று இல்லாத குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தொற்று ஏற்பட்டது. உலகில் வேறெங்கும் இவ்வளவு வேகம் பதிவானதாக எனக்குத் தெரியவில்லை. சிறு வீடுகள், நீண்ட குளிர்காலம், அடைத்த கதவுகள். நோயாளிகளைப் பல நூறு மைல் தள்ளியிருந்த சானடோரியங்களுக்கு விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். பலர் ஆண்டுக்கணக்கில் திரும்பவில்லை; தாய்மொழியை மறந்துபோய்த் திரும்பிய குழந்தைகளும் உண்டு.

ஜார்ஜ் கம்ஸ்டாக் என்ற அரசுப் பொதுச் சுகாதாரத் துறை மருத்துவர் 1957-இல் அங்கே ஒரு புதிய சோதனையைத் தொடங்கினார். நோய் வந்த பிறகு மாத்திரை கொடுப்பதற்குப் பதில், வருவதற்கு முன்பே ஊருக்கே கொடுத்தால் என்ன? 28 கிராமங்களில் சில வீடுகளுக்கு ஐசோநியாசிட், சில வீடுகளுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை என்று ஓராண்டு கொடுக்கப்பட்டது. மருந்து பெற்ற வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்தது. சோதனை முடிந்ததும் போலி மாத்திரை பெற்றவர்களுக்கும் உண்மை மருந்து கிடைக்க கம்ஸ்டாக் ஏற்பாடு செய்தார். நோயில்லாதவர்களை ஓராண்டு மாத்திரை சாப்பிடச் சொல்வதற்கு முன், தானும் தன் குடும்பமும் அதைச் சாப்பிட வேண்டும் என்று முடிவெடுத்து, அப்படியே செய்தார். 19 ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோதும் பலன் நீடித்திருந்தது.

மாத்திரையை அங்கே தினமும் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் யார்? மருத்துவர்கள் அல்லர். ஒவ்வொரு கிராமத்திலும் அந்த ஊர்க்காரர் ஒருவர் அதைப் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார். உறவும் சுற்றமுமாக அறிந்த முகம், பேசும் மொழியும் ஒன்று. காசநோய் தணிந்த பிறகும் அந்த ஆட்களை அலாஸ்கா விட்டுவிடவில்லை. 1968-இல் அவர்களைக் கிராமச் சுகாதாரப் பணியாளர்களாக்கிச் சம்பளம் கொடுக்கும் திட்டம் முறையாகத் தொடங்கியது. இன்றும் சாலை இல்லாத அந்தக் கிராமங்களில் பிரசவ வலிக்கும் நெஞ்சு வலிக்கும் முதலில் வந்து நிற்பவர்கள் அவர்கள்தான்.

ஏறக்குறைய அதே காலத்தில் மாத்திரை நம் சென்னைக்கும் வந்துவிட்டது. அந்நாளில் எலும்புருக்கி என்றால் சானடோரியம். நல்ல காற்று, பால், முட்டை, படுக்கை ஓய்வு. தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் நாட்டில் லட்சக்கணக்கில் நோயாளிகள். படுக்கைகளோ ஒரு மூலைக்கும் காணாது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு என நால்வர் சேர்ந்த ஏற்பாடு. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வந்து பொறுப்பேற்றார். நகரின் நெரிசலான பகுதிகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு ஓராண்டு சானடோரியம், பாதிப் பேருக்கு வீடு. இரு பிரிவினருக்கும் மருந்து ஒன்றே: ஐசோநியாசிட், துணைக்குப் பாஸ் என்ற கசப்பான மருந்து.

வீட்டிலிருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகம் உழைத்தார்கள், ஒற்றை அறையில் பிள்ளைகளோடு படுத்தார்கள். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேரும் வீட்டில் 86 சதவீதம் பேரும் நலமடைந்திருந்தார்கள். வீட்டிலிருந்தவரால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. தொற்ற வேண்டியது சிகிச்சைக்கு முன்பே தொற்றியிருந்தது. 1959-இல் இந்த முடிவு வெளிவந்ததும் உலகம் முழுக்கச் சானடோரியங்களின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின.

பலரும் படிக்காமல் தாண்டிப்போன ஒரு பக்கம் அந்த ஆய்வில் உண்டு. வீட்டுச் சிகிச்சை என்றால் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது அல்ல. மையத்திலிருந்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். மீதி மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி வந்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சோதித்தார்கள். வராதவர்களைத் தேடிப் பிடித்தார்கள். மக்கள் மாத்திரையை எப்படியெல்லாம் விட்டுவிடுகிறார்கள் என்பதையே ஃபாக்ஸ் தனியாக ஆராய்ந்து எழுதினார். 1964-இல் அதே மையம், வாரம் இருமுறை கண்ணெதிரே மருந்து கொடுத்தாலும் நோய் குணமாகும் என்று காட்டியது. வீட்டிலேயே குணமாக்கலாம், ஆனால் வீட்டுக்கு ஆள் போக வேண்டும் என்பது சென்னை சொன்ன பாடம். உலகம் அதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டது.

பின் பாதியை விட்டதற்கு நியூயார்க் கொடுத்த விலை பெரிது. 1960-களின் இறுதியில் அந்நகரில் ஒரு நிபுணர் குழு, காசநோய்ப் படுக்கைகளை மூடி, அந்தப் பணத்தைக் கொண்டு குடியிருப்புப் பகுதிகளில் புறநோயாளர் சிகிச்சையை வலுப்படுத்தச் சொன்னது. படுக்கைகள் மூடப்பட்டன. பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. 1972-இல் காசநோய்க்கென்று தனியே வந்துகொண்டிருந்த மத்திய அரசு நிதியும் பொது நிதியில் கலந்து கரைந்தது. நகரம் கடனில் தத்தளித்த ஆண்டுகளில் வீட்டுக்குப் போய்வந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். பிறகு எய்ட்ஸ் வந்தது, வீடில்லாதவர்களை நூற்றுக்கணக்கில் ஒரே கூடத்தில் படுக்கவைக்கும் தங்குமிடங்கள் வந்தன, சிறைகள் நிரம்பின. காசநோய்க்கு வேறென்ன வேண்டும்?

1988-இல் ஹார்லெம் மருத்துவமனையில் சேர்ந்த காசநோயாளிகளை கேரன் ப்ரட்னி, ஜே டாப்கின் என்ற இரு மருத்துவர்கள் பின்தொடர்ந்தார்கள். சிகிச்சையைத் தொடரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் 89 சதவீதம் பேர் அதை முடிக்கவில்லை. பெரும்பாலும் வேலையில்லாதவர்கள், வீடில்லாதவர்கள், போதைப் பழக்கத்தில் சிக்கியவர்கள். கையில் மாத்திரைச் சீட்டு இருந்தது. போய்ச் சேர முகவரி இல்லை. பாதியில் விட்ட மாத்திரை, கிருமிகளைப் பழக்கிவிட்டது. 1991-இல் எடுத்த கணக்கில், நகரத்து நோயாளிகளில் 26 சதவீதம் பேரிடம் ஐசோநியாசிட் வேலை செய்யவில்லை. 19 சதவீதம் பேரிடம் அதோடு ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு முக்கியக் காசநோய் மருந்தும் சேர்ந்து தோற்றிருந்தது. 1992-இல் நோயாளிகள் 3,811 பேர். செல்வத்தில் மிதக்கும் நகரத்தில், நாற்பதாண்டுக்கு முன் நோயாளிகள் ஆடிப்பாடிய அதே சீ வியூ இருக்கும் நகரத்தில்.

அப்போது நகரின் காசநோய்க் கட்டுப்பாட்டுப் பொறுப்புக்கு வந்த மருத்துவர் டாம் ஃப்ரீடன் புது மருந்து எதையும் கொண்டுவரவில்லை. ஆட்களை வேலைக்கு எடுத்தார். அவர்கள் பூங்கா பெஞ்சுகளுக்கும் பாலத்தடிகளுக்கும் போதைக் கூடங்களுக்கும் மாத்திரையோடு போனார்கள். கண்ணெதிரே விழுங்கவைத்தார்கள். கூடவே சாப்பாடும் ரயில் டோக்கனும் கொடுத்தார்கள். இரண்டே ஆண்டில் எண்ணிக்கை 2,995-க்கு இறங்கியது. இந்த மறுவரவை அடக்க ஆன மொத்தச் செலவு நூறு கோடி டாலரைத் தாண்டியது என்பார்கள். ஊழியர்களை நீக்கி மிச்சம்பிடித்த தொகை அதில் ஒரு சிறு துளி. 1996-இல் ஃப்ரீடன் உலகச் சுகாதார நிறுவனம் வழியாக இந்தியாவுக்கு வந்து, கண்ணெதிரே மருந்து கொடுக்கும் திட்டத்தை நாடெங்கும் விரிக்க உதவினார். சேத்துப்பட்டில் சொன்ன பாடம் நியூயார்க் போய், அடிபட்டு, நமக்கே திரும்பிவந்தது.

இப்போது நோய்ச் சிகிச்சையில் ஐசோநியாசிட்டைத் தனியே பார்ப்பது அரிது. செங்கல் நிற மாத்திரை ஒன்றுக்குள் ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகியவற்றோடு 75 மில்லிகிராமாக ஒடுங்கியிருக்கிறது. இந்தியாவில் 2017-இலிருந்து வாரம் மூன்று நாள் முறை போய், தினமும் சாப்பிடும் முறை வந்திருக்கிறது. எடைக்குத் தக்க எண்ணிக்கை. வடசென்னையில் ஒரு சந்தில் அரசின் டிபி பணியாளரான ஒரு பெண்ணோடு போயிருந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர் லாரி ஷெட்டில் மூட்டை தூக்குபவர். எடை 41 கிலோ, அதனால் மூன்று மாத்திரை.

"அண்ணே, அட்டையைக் காட்டுங்க."

அவர் உள்ளே போய் அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்தார். பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்துவிடக் கூடாது. அந்தப் பெண் காலிக் குழிகளை விரலால் தொட்டு எண்ணினார்.

"ஒண்ணுக்கு சிவப்பா போகுதா?"

"போகுதும்மா. கண்ணீர்கூட சிவப்பா வருது."

"அது மருந்துதாண்ணே, பயப்படாதீங்க. கால் மதமதன்னு இருக்கா?"

"எரியுது. ராத்திரியில."

வைட்டமின் மாத்திரை கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டு, கொடுத்ததைச் சாப்பிடவில்லை என்று கண்டுபிடித்து, கண்டித்தார். அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் அறிவியல் இருக்கிறது. சிறுநீரைச் சிவக்கவைப்பது ரிஃபாம்பிசின். 1956-இல் சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்ததை இன்று ஒரு கேள்வியில் முடித்துக்கொள்கிறார்கள். கால் எரிச்சல் ஐசோநியாசிட்டின் பக்கவிளைவு; சத்துக் குறைந்த உடம்பில் அதிகம். வைட்டமின் பி6 அதைத் தடுக்கும். இதெல்லாம் சென்னை மையத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே கவனித்து எழுதப்பட்டவை. எரிச்சலுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் ஏராளம். வாசலில் நின்று ஒருவர் கேட்டால்தான் அது வெளியே வருகிறது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆய்வில், அரைவயிற்றோடு இருந்தவர்களும் மருந்தால் குணமானார்கள். அது உண்மை. அதிலிருந்து, காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை என்று பலர் முடிவுகட்டியது தவறு. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரின் குழு நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு மாதம் தலைக்கு ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அவர்களிடையே புதிதாக நோய் வருவது 39 முதல் 48 சதவீதம் வரை குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடம் இறப்பு ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. அலாஸ்காவில் மாத்திரை செய்ததற்குப் பக்கத்தில் வரும் வேலையை இங்கே ரேஷன் அரிசி செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இன்னும் எளிமையானது. நோய் உறுதியான அன்றே எடை, உயரம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மோசமாக இருப்பவரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். சானடோரியத்தை மூடவைத்த ஊரே, யாருக்கு மட்டும் இன்னும் கட்டில் வேண்டும் என்று கண்டுசொல்வது எனக்கு நிறைவாக இருக்கிறது.

கவலையும் இருக்கிறது. 2024-இல் காசநோய் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்து, மாநிலங்கள் உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளட்டும் என்று மத்திய அரசு சொல்ல நேர்ந்தது. உலகிலேயே அதிகக் காசநோயாளிகள் உள்ள நாட்டில், ஏராளமாக மருந்து தயாரிக்கும் நாட்டில், ஒரு நாளுக்குக்கூட அப்படி நேர்ந்திருக்கக் கூடாது. விட்ட நாட்களின் விலையை நியூயார்க்கில் பார்த்தாயிற்று.

நோயாளிக்கு மாதந்தோறும் கொடுக்கும் ஊட்டச்சத்து உதவி 500 ரூபாயிலிருந்து 2024 நவம்பரில் 1,000 ஆனது, நல்ல முடிவு. ஆனால் அரசுச் சம்பளம் இல்லாத ஒருவர், ஊர்ப் பெண்ணோ, கடைக்காரரோ, தானே குணமடைந்த பழைய நோயாளியோ, ஒரு சாதாரணக் காசநோயாளிக்கு ஆறு மாதம் துணை நின்று சிகிச்சையை முடிக்கவைத்தால், அவருக்கு அரசு தரும் மதிப்பூதியம் மொத்தமாக 1,000 ரூபாய். மாதத்துக்கு 170 ரூபாய்கூட வராது. அலாஸ்கா அந்த ஆளை 1968-லேயே சம்பளக்காரராக்கியது. நம் அரசுகள் இதை எப்போது செய்யப்போகின்றன என்று சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் யாராவது எழுந்து கேட்க வேண்டும்.